எக்ஸ்பாக்ஸ் 360, கினெக்ட் சென்சார்: கை இறுகிய பிள்ளைக்கு வீட்டில் வாங்கிக் கொடுக்கலாமா?

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு வீடியோ கேம் வைத்து வீட்டிலேயே பயிற்சி கொடுக்கலாமா, கொடுக்கலாம் என்றால் எந்தக் கருவியை வாங்குவது என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல்லில் எனக்குத் தையல் கடை. ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வரும் தாய்மார்கள், துணியைக் கொடுத்த பிறகும் போகாமல் நின்று, தாழ்ந்த குரலில் இதைத்தான் விசாரிக்கிறார்கள். திங்கள்சந்தையிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் இதற்கென்றே வந்தவர்களும் உண்டு. எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்கிறேன்: வாங்குங்கள். ஆனால் பிள்ளை விளையாடும் நேரம் முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஒரு ஆள் இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஆள் இல்லாத வீட்டில் அது இன்னொரு டிவிதான்.

என் மகளுக்கு வயது பத்து. மூளையின் இடது பக்கத்தில் பிறப்பை ஒட்டி ஏற்பட்ட பாதிப்பால் வலது கையும் வலது காலும் இறுக்கம். மூளையில் ஏற்பட்ட காயம் அதற்குமேல் பெரிதாவதில்லை. ஆனால் பிள்ளை வளரும்போது எலும்பு நீளும் வேகத்துக்கு இறுகிய தசை நீண்டு கொடுப்பதில்லை. அதனால் ஒரு மாதம் பயிற்சி நின்றாலும் கை இன்னும் கொஞ்சம் மடங்கிக்கொள்கிறது, குதிகால் இன்னும் கொஞ்சம் தூக்கிக்கொள்கிறது. அவள் நடப்பாள், பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்ப்ளிண்ட் போட்டால் ஓடவும் செய்வாள். வலது கையால் பொருளைப் பிடிக்கவும் முடியும். முடியும், ஆனால் பிடிக்க மாட்டாள். இடது கை எல்லா வேலையையும் முந்திக்கொண்டு முடித்துவிடும். "வலது கையை எடு மக்களே" என்று என் மாமியார் நாள் முழுவதும் சொல்லிக்கொண்டே இருப்பார். அவளும் எடுப்பாள், ஒரு தடவை. அடுத்த நொடி கை பழையபடி நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும்.

மூளை ஓர் அசைவைப் பழகுவதற்கு அதைத் திரும்பத் திரும்பச் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. அதுவும் பிள்ளையே விரும்பிச் செய்ய வேண்டும். நாம் பிடித்து அசைத்துக் கொடுப்பது கணக்கில் வராது. நாகர்கோவிலில் எங்கள் பிசியோதெரபிஸ்ட் வாரத்துக்கு ஒருமுறை பார்க்கிறார். பஸ் ஏறி இறங்கி, காத்திருந்து, திரும்பி வர அரை நாள் போய்விடும். ஜூன் மழையும் ஐப்பசி மழையும் இரண்டுமே கொட்டுகிற மாவட்டம் நம்முடையது. ரோட்டில் தண்ணீர் ஏறினால் அந்த வாரம் போக முடியாது. ஆக, பயிற்சியின் பெரும்பகுதி வீட்டில்தான் நடந்தாக வேண்டும். மணியை எடுத்துக் கிண்ணத்தில் போடு, கம்பைத் தூக்கு, பந்தை உருட்டு என்று எத்தனை நாள்தான் ஒரு குழந்தை செய்யும்? என் மகள் அழ ஆரம்பித்தாள். அப்போதுதான் மஸ்கட்டில் இருக்கும் என் தம்பி, "அக்கா, என்னுடன் அறையில் இருக்கிறவர் ஊருக்குப் போகிறார், தம்முடைய எக்ஸ்பாக்ஸை விற்கிறார், கினெக்ட்டும் சேர்ந்து வருகிறது" என்று சொன்னான். நம் பணத்துக்கு எட்டாயிரம் ரூபாய். பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டேன். "வரட்டும் அக்கா, ஆனால் எந்த விளையாட்டு, எப்படி நிற்க வேண்டும் என்பதை நான் சொல்கிறேன்" என்றார்.

கினெக்ட் என்பது டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான ஒரு சென்சார். டிவியில் மாட்டி விளையாடும் எக்ஸ்பாக்ஸ் 360 என்ற வீடியோ கேம் பெட்டிக்காக 2010 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறை முழுவதும் வீசி, எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து, எதிரே நிற்பவரின் உடம்பில் தலை, தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் என இருபது இடங்களைத் தொடர்ந்து கவனிக்கிறது. கையில் எதையும் பிடிக்க வேண்டாம், பட்டன் அமுக்க வேண்டாம். விரல் மடங்கிய பிள்ளைக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை. சாதாரண வீடியோ கேம் கருவிகள் எல்லாம் இரண்டு கட்டைவிரல்களும் துள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பவை.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் பெரிய தடையே அதுதான். ஒருவர் விளையாட சென்சாரிலிருந்து ஆறு அடியாவது தள்ளி நிற்க வேண்டும். இருவர் என்றால் எட்டு அடி. எங்கள் முன்னறையில் துணி வெட்டும் மேசையை எடுத்து உள்ளே போட்ட பிறகுதான் அந்தத் தூரம் கிடைத்தது. மேற்கு ஜன்னல் வழியாக மாலை வெயில் நேராக விழுந்தால் சென்சார் தடுமாறுகிறது. சூரிய ஒளியிலும் அகச்சிவப்புக் கதிர் உண்டு என்பதுதான் காரணம். இரட்டை லைனிங் வைத்து ஒரு திரை தைத்துப் போட்டேன், சரியாகிவிட்டது. அடுத்தது உடை. பாவாடையோ அகலமான கவுனோ போட்டு நிறுத்தினால் கால் இரண்டையும் அது பிரித்துப் பார்க்காது. ஒட்டிய லெக்கின்ஸும் கச்சிதமான பனியனும் போட வேண்டும். தரையில் கால்மிதி எதுவும் கிடக்கக் கூடாது. ஸ்ப்ளிண்ட் கட்டி, அதன் மேல் ஷூ போட்டுத்தான் எங்கள் வீட்டில் ஆட்டம்.

கினெக்ட்டோடு சேர்ந்து வந்த 'கினெக்ட் அட்வென்ச்சர்ஸ்' என்ற டிஸ்கில் ஐந்து விளையாட்டுகள் உள்ளன. எங்களுக்கு அதிகம் உதவியது கடலுக்கடியில் நடக்கும் ஒன்று. பிள்ளையின் உருவம் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கும். மீன்கள் வந்து முட்ட, கண்ணாடி கீறி, தண்ணீர் பீச்சியடிக்கும். கீறிய இடத்தில் கையையோ காலையோ வைத்து அடைக்க வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று நான்கு இடங்களில் கீறும்போது ஒரு கை போதாது. இங்கேதான் நான் அசந்துபோனேன். இடது கை மேலே ஓர் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது, வலது பக்கத்தில் தோளுக்கு மேலே இன்னொன்று கீறுகிறது; யாரும் சொல்லாமலேயே வலது முழங்கை நெஞ்சை விட்டுப் பிரிந்து, நடுங்கி, மெல்ல மேலே போகிறது. தண்ணீர் நிற்கும் வரை அங்கேயே நிற்கிறது. நாங்கள் இத்தனை வருடங்கள் கெஞ்சிக் கேட்ட அசைவு அது. என் மாமியார் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். கை மேலே போகவில்லை என்றால் உடம்பைச் சாய்த்து அந்த இடத்தை எட்டிவிடுவார்கள். சென்சாருக்குக் கை வந்து சேர்ந்தால் போதும், எப்படி வந்தது என்பது அதற்குத் தேவையில்லை. புள்ளிகள் குவியும், பிள்ளை குதிக்கும், ஆனால் பழகுவதோ தப்பான அசைவு. இதைக் கண்டுபிடிக்க அந்த விளையாட்டே ஒரு வழி வைத்திருக்கிறது. ஆடும்போது நடுநடுவே அது தானாகப் படம் எடுத்து, முடிந்ததும் திரையில் காட்டும். பிள்ளைகள் சிரிப்பதற்காக வைத்தது. நான் அந்தப் படங்களைப் போனில் பிடித்துப் பிசியோதெரபிஸ்ட்டுக்கு அனுப்பினேன். "கையைப் பார்க்காதீர்கள் அக்கா, தோளையும் இடுப்பையும் பாருங்கள்" என்றார். ஜாக்கெட் வெட்டுகிறவளுக்குத் தோள் இறக்கம் கண்ணில் படாமல் போகாது. வலது தோள் காதுவரை ஏறியிருந்தது, இடுப்பு இடப்பக்கம் ஒடிந்திருந்தது. அன்றிலிருந்து புள்ளிக் கணக்கை நான் பார்ப்பதே இல்லை. தோள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் ஆட்டம் தொடரும். ஏறினால் நிறுத்தி, மூச்சு விட்டு, தோளைத் தளர்த்தி, மறுபடி ஆரம்பிப்போம். அவளுக்கு முதலில் கோபம் வரும். இப்போது படத்தைப் பார்த்து அவளே "அம்மா, சாய்ந்துவிட்டேன்" என்கிறாள்.

இடது கையை எப்படி அடக்குவது என்பது அடுத்த கேள்வி. நல்ல கைக்கு உறை மாட்டி, இயலாத கையை வேலை வாங்கும் சிகிச்சை முறை ஒன்று உண்டு. ஒருபக்க வாதத்துக்கு நெடுநாளாகச் செய்து பலன் கண்ட முறைதான். ஆனால் நின்று ஆடும் விளையாட்டில் நல்ல கையைக் கட்டக் கூடாது என்று பிசியோதெரபிஸ்ட் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தடுமாறினால் ஊன்றுவதற்கு அந்தக் கைதான் இருக்கிறது. நான் அவளுடைய லெக்கின்ஸின் இடப்பக்கத்தில் அகலமான பை ஒன்று தைத்தேன், வாய் நன்றாகத் திறந்து, உள்ளே வழவழப்பான சாட்டின் வைத்து. ஒரு விளையாட்டு இரண்டு கைக்கு, அடுத்த விளையாட்டில் இடது கை பைக்குள். விழப்போனால் கை வெளியே வழுக்கிக்கொண்டு வந்துவிடும். தையல் தெரிந்தவர்கள் கடைக்கு வந்தால் அளவு சொல்லித் தருகிறேன்.

கை பைக்குள் இருக்கும்போது 'கினெக்ட் ஸ்போர்ட்ஸ்' டிஸ்கில் உள்ள, பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங் ஆடுவோம். வலப்பக்கம் கையை நீட்டிப் பந்தை எடுத்து, பின்னால் கொண்டுபோய், முன்னால் வீச வேண்டும். அவசரமில்லை, நேரம் எடுத்துக்கொள்ளலாம். முன்பு சொன்ன அட்வென்ச்சர்ஸ் டிஸ்கில் ஆற்றில் தோணி ஓட்டும் விளையாட்டை என் அண்ணன் மகனோடு சேர்ந்து ஆடுவாள். இருவரும் ஒரே பக்கம் நகர்ந்தால்தான் தோணி திரும்பும். தெருவில் கிரிக்கெட் ஆடும்போது அவளைப் பந்து பொறுக்க மட்டும் விடுகிற பையன், இங்கே "நீ நகர்ந்தால்தான் நான் பிழைப்பேன்" என்று கத்துகிறான். மலையில் தள்ளுவண்டியில் போகும் விளையாட்டை நாங்கள் தொடுவதில்லை. குதிக்கவும் சட்டென்று குனியவும் வேண்டும். அவசரத்தில் இறுக்கம் அதிகமாகி, குதிகால் தூக்கிக்கொள்கிறது.

நின்டெண்டோ வீ பற்றியும் கேட்கிறார்கள். 2006-இல் வந்த இன்னொரு வீடியோ கேம் கருவி. கையில் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு வீச வேண்டும். எங்கள் பிசியோதெரபிஸ்ட்டின் அறையில் ஒன்று இருக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள ஒரு வளரிளம் பிள்ளைக்கு இதை வைத்துப் பயிற்சி கொடுத்த விவரம் 2008-லேயே ஒரு பிசியோதெரபி ஆய்விதழில் வந்திருக்கிறது என்று அவர்தான் சொன்னார். என் மகள் ரிமோட்டை நழுவவிட்டதால், உள்ளங்கையோடு சேர்த்துக் கட்ட வெல்க்ரோ பட்டை ஒன்று தைத்துக் கொடுத்தேன். ஆனாலும் கைக்கு அது சுமார்தான். மணிக்கட்டைச் சின்னதாக ஓர் உதறு உதறினாலே டென்னிஸில் ஜெயித்துவிடலாம், சோபாவில் படுத்துக்கொண்டுகூட. அதன் பேலன்ஸ் போர்டு வேறு விஷயம். குள்ளமான பலகை, அடியில் நான்கு எடை உணர்விகள். எந்தக் காலில் எவ்வளவு பாரம் போடுகிறாள் என்று திரையில் ஒரு புள்ளி நகர்ந்து காட்டும். வலது காலில் பாரம் போடப் பழகுவதற்கு அதைவிட நல்ல கருவியை நான் பார்க்கவில்லை. கையும் தோளும் முக்கியம் என்றால் கினெக்ட், நிற்பதும் பாரம் மாற்றுவதும் முக்கியம் என்றால் வீ பலகை. இதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள், பிள்ளையைப் பார்க்கிற பிசியோதெரபிஸ்ட் முடிவு செய்யட்டும்.

கினெக்ட்டின் குறை ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அது விரலைப் பார்ப்பதில்லை. உள்ளங்கை விரிந்திருந்தாலும் சரி, கட்டைவிரலை உள்ளே வைத்து மூடியிருந்தாலும் சரி, அதற்கு ஒன்றுதான். 2010-இல் அமெரிக்காவின் இண்டியானாவில் மருத்துவர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒருபக்க வாதம் கடுமையாக இருந்த வளரிளம் பருவத்தினர் மூவரின் வீடுகளில் பிளேஸ்டேஷன் 3 என்ற வீடியோ கேம் கருவியை வைத்து, இயலாத கைக்கு சென்சார் உறை மாட்டி, தினமும் அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள் ஆடச் செய்து, தொலைவிலிருந்தே கவனித்தார்கள். மூவருக்கும் கையின் செயல்பாடு முன்னேறியது. அவர்களில் அதிகம் ஒழுங்காகச் செய்த இருவருக்கு முன்கை எலும்பும் பலப்பட்டது. மூன்றே பேர் என்பதால் அதை வைத்து எல்லாருக்கும் கணக்குப் போட முடியாது. ஆனால் அவர்கள் உறை மாட்டியதன் காரணத்தைக் கவனியுங்கள்: அந்த விளையாட்டுகள் விரலை அசைப்பதற்காகவே எழுதப்பட்டவை. நம் வீட்டுக் கினெக்ட்டில் அது இல்லை. ஆகையால் ஆட்டம் முடிந்ததும் நாங்கள் விரல் வேலைக்கு உட்காருகிறோம். துணிக் கிளிப்பைக் கயிற்றில் மாட்டுவது, பிரஸ் பட்டனை அமுக்குவது, மட்டி வாழைப்பழத்தை உரிப்பது. அவளுக்குப் பிடித்தது கடைசியில் சொன்னது.

சின்னச் சின்ன எரிச்சல்களும் உண்டு. மெனுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அதன் மேல் கையைச் சில நொடிகள் அசையாமல் வைத்திருக்க வேண்டும். நடுங்கும் கையால் அது சிரமம், அந்த வேலையை நான் பட்டன் வைத்த கன்ட்ரோலரால் முடித்துவிடுகிறேன். பிள்ளைக்குப் பின்னால் நின்று இடுப்பைப் பிடித்தால் சென்சார் குழம்பி, என் கையை அவளுடைய கை என்று எடுத்துக்கொள்கிறது, அல்லது என்னையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்கிறது. பக்கவாட்டில், அதன் பார்வைக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்காருங்கள். தாங்கிப் பிடிக்காமல் நிற்க முடியாத பிள்ளைக்கும் சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இதிலுள்ள விளையாட்டுகள் நிற்பவரை மனதில் வைத்தே செய்யப்பட்டவை. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகப் பெரிய இரண்டு பட்டன்களோடும், நமக்கு வேண்டிய சுவிட்சுகளைச் செருகப் பல துளைகளோடும் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் 2018-இல் வந்தது. அது பிறகு வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் முதலான கருவிகளுக்கு உரியது, இந்தப் பழைய 360-க்கு அல்ல.

வலிப்பு வரலாறு உள்ள பிள்ளைகள் என்றால், டாக்டரிடம் கேட்காமல் டிவியை ஆன் செய்யவே வேண்டாம். மூளை முடக்குவாதத்தோடு வலிப்பும் சேர்ந்து வருவது சாதாரணமாகக் காணப்படுகிறது. பளிச்சிடும் வெளிச்சம் சிலருக்கு வலிப்பைத் தூண்டும் என்று கருவியோடு வரும் புத்தகத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. ஒருபக்க வாதமுள்ள சில பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்துப் பார்வையும் குறைவாக இருக்கும். வலப்பக்கம் வருவதைப் பிள்ளை தொடர்ந்து தவறவிட்டால் கையை மட்டும் குறை சொல்லாதீர்கள், கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

இதே விளையாட்டைக் 'கேம் தெரபி' என்று போர்டு வைத்துக் காசு வாங்கும் இடங்களும் வந்துவிட்டன. அப்படி ஓர் இடத்தில் என் கண்முன்னே நடந்தது: பிள்ளையை டிவி முன்னால் நிறுத்திவிட்டு, கூட இருக்க வேண்டியவர் மூலையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை முழு உடம்பையும் சாய்த்து ஆடிக்கொண்டிருந்தது, தாய் வெளியே பெஞ்சில் நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரத்துக்கு அவர் கொடுத்த தொகையை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அந்தப் பெண்மணி பூக்கூடை சுமந்து பிழைப்பவர். இப்படிப்பட்ட இடத்துக்குப் பணம் கட்டும் முன், உள்ளே உட்கார்ந்து பார்க்க விடுவீர்களா என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். விடமாட்டோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். ஸ்ப்ளிண்ட், தசை நீட்டும் பயிற்சி, பிசியோதெரபிஸ்ட்டின் உழைப்பு எல்லாம் சேர்ந்துதான் பிள்ளை முன்னேறுகிறது. அத்தனையையும் இந்தப் பெட்டியின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் இது வந்த பிறகு பயிற்சி நேரத்தில் அழுகை நின்றது. பள்ளி விட்டு வந்ததும் பையை வைத்துவிட்டு அவளே ஷூவை எடுத்து வருகிறாள். சட்டை போடும்போது வலது கை முதலில் உயர்ந்து கைத்துளைக்குள் போகிறது. முன்பு நான்தான் பிடித்து நுழைக்க வேண்டும். இப்போது நான் துணி வெட்டும்போது எதிர்ப்பக்கம் நின்று, வலது கையால் துணியின் ஓரத்தை மேசையோடு அமுக்கிக்கொள்கிறாள். கத்தரி ஓடும் வரை கை அங்கேயே இருக்கிறது. மனது வைத்தால் நான்கு மீட்டர் துணிக்குத் தாங்குகிறது.

வாங்குகிறவர்களுக்குச் சில விவரங்கள். இது புதிதாகக் கிடைக்காது. எக்ஸ்பாக்ஸ் 360 தயாரிப்பு 2016-லும் கினெக்ட் தயாரிப்பு 2017-லும் நின்றுவிட்டன. 360-க்கான ஆன்லைன் கடையையும் 2024 ஜூலையில் மூடிவிட்டார்கள், புதிதாக விளையாட்டு வாங்கி இறக்க வழியில்லை. ஆகவே டிஸ்க் கையில் வருகிறதா, கீறல் இல்லாமல் இருக்கிறதா, டிரைவ் அதைப் படிக்கிறதா என்று போட்டுப் பார்த்தே பணம் கொடுங்கள். 360-இல் பழைய தடித்த மாடலும் பிறகு வந்த மெலிந்த மாடலும் உண்டு. மெலிந்ததில் கினெக்ட்டை நேராகச் செருகிவிடலாம். பழையதற்கு, கினெக்ட்டுக்கென்று தனி மின் அடாப்டர் வேண்டும். நான் இன்னொரு பிள்ளைக்காக விசாரித்தபோது ஒரு விற்பனையாளர் அடாப்டர் இல்லாத சென்சாரைப் பழைய பெட்டியோடு சேர்த்துத் தலையில் கட்டப் பார்த்தார். வளைகுடாவிலிருந்து ஆள் கொண்டுவருவதாக இருந்தால், பணம் கைமாறும் முன் வீடியோ காலில் சென்சாரை மாட்டி, ஆள் எதிரே நின்று கையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். திரையில் இருக்கும் உருவமும் கையைத் தூக்கினால் வாங்கிக்கொள்ளலாம்.